எண்கள் உண்டு, பெயர்கள் எங்கே? - வன்னியும் குடிசன மதிப்புப் பதிவேடுகளும்



கதையும் கவிதையும் பேசுகின்ற இந்த வரிசையிலே குடிசன மதிப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், "அது கச்சேரிக்காரர் அலுவல் அல்லவா?" என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். ஆகவே ஒரு நாவலில் இருந்தே தொடங்குவோம். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. முல்லைத்தீவுப் பகுதியில் காட்டோரமாக அமைந்த தண்ணிமுறிப்பு என்னும் ஊரே அதன் களம். குளமும் வயலும் காடும் சூழ வாழ்ந்த எளிய மனிதரை அந்நாவலில் சந்தித்தவர்கள் அவர்களை எளிதில் மறக்கமாட்டார்கள்.

நாவல் வெளிவந்து எட்டு ஆண்டுகளின் பின்னர், 1981 மார்ச் 17ஆம் திகதியைக் குறித்து எடுக்கப்பட்ட குடிசன மதிப்பிலே, நாட்டின் மற்றெல்லா ஊர்களையும் போல அவ்வட்டாரத்து ஊர்களும் எழுதப்பட்டன. கணக்கெடுப்பாளர் வீடு வீடாகச் சென்று, குடும்பத் தலைவர் யார், உடன் வாழ்வோர் யார், அவர்களின் வயதென்ன, பிறந்த இடமெது, தொழில் என்ன என்று கேட்டுப் படிவங்களை நிரப்பினார். அதற்குப் பின் நான்கு ஆண்டுகள் நிறையுமுன்னரே, 1984 டிசம்பரில், கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, தண்ணிமுறிப்பு முதலிய ஊர்களின் மக்கள் தம் இடங்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். திரும்பிவர இயன்றவர்களுக்கும் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. திரும்பியபோது வீடு இல்லை, வேலி இல்லை. பலரிடம் காணி உறுதியும் இல்லை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் இல்லை.

நாவலை எவரும் ஒரு நூலகத்திலே கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஆனால் 1981இன் படிவத்தை, அதிலே பெயர் எழுதப்பட்டவரே கேட்டாலும் பார்க்க வழியில்லை. குடிசன மதிப்புக் கட்டளைச் சட்டம் தனிமனித விபரங்களை வெளியிடுவதைத் தடுக்கிறது. அத்தடை நியாயமானதே. ஆனால் அது எத்தனை ஆண்டுகளுக்கு என்ற கேள்விக்கு நம் நாட்டிலே விடையில்லை. இந்தக் கேள்வியையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இத்தீவிலே மக்களை எண்ணி எழுதும் வழக்கம் பழையது. போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கி ஒல்லாந்தர் காலத்தில் விரிவுபெற்ற தோம்புகளை நேயர்கள் அறிவீர்கள். காணிக்கு ஒரு தோம்பு, குடும்பங்களுக்கு ஒரு தோம்பு. வரி வாங்குவதற்கும் ஊழியம் பெறுவதற்குமே அவற்றை எழுதினார்கள். எனினும் இன்று கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திலே அவை ஆய்வாளருக்குத் திறந்திருக்கின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ நிறுவனம் 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது, இலங்கையில் உள்ளவையும் அத்தொகுதியில் அடங்கின. பதினெட்டாம் நூற்றாண்டின் ஒரு குடும்பத்தைப் பெயர் சொல்லி நாம் அறியலாம், இருபதாம் நூற்றாண்டின் குடும்பத்தை அறியமுடியாது என்பது விந்தையான நிலைமைதான்.

வன்னியைப் பற்றிய தனிப்பட்ட எழுத்துக்களும் அக்காலத்திலேயே தொடங்கிவிட்டன. ஒல்லாந்தரின் கீழ் முல்லைத்தீவில் இருந்து வன்னியை நிருவகித்த தோமஸ் நாகெல் என்னும் அதிகாரி 1793இல் அந்நிலத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பத்தாண்டுகளின் பின், 1803இல், பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும், அவ்வாண்டின் இறுதியிலே கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டதும் நாம் அறிந்த வரலாறு. அதன் பின்னர் வன்னி பிரித்தானியரின் ஏடுகளுக்குள்ளே வருகிறது.

இலங்கை முழுவதையும் அடக்கிய முதலாவது முறையான குடிசன மதிப்பு 1871 மார்ச் 27இல் நடைபெற்றது. தீவின் மொத்தத் தொகை 2,400,380 என்று அன்று கண்டார்கள். பின்னர் பத்தாண்டுக்கு ஒரு முறை எண்ணும் ஒழுங்கு ஏற்பட்டது. 1895இல் வெளியான ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் சேவை அதிகாரியின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல், வன்னி வரலாற்றைத் தேடுவோர் முதலில் புரட்டும் நூலாக இன்றும் விளங்குகிறது. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவர் நம்மவரான பொன்னம்பலம் அருணாசலம். பதிவாளர் நாயகமாக இருந்த அவர், நான்கு தொகுதிகளாக அதன் அறிக்கையை வெளியிட்டார். பின்னாளில் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவராக விளங்கிய அதே அருணாசலம்தான். 1911இன் மதிப்பை ஈ. பி. டென்ஹாம் நடத்தினார். நகரங்களையும் கிராமங்களையும் தனித்தனியே காட்டும் புள்ளிவிபரத் தொகுதியும் அப்போது அச்சேறியது.

அதே 1911 மதிப்பை அம்பாந்தோட்டை மாவட்டத்திலே நடத்தியவர், பின்னர் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லியனார்ட் வூல்ஃப் என்பது இலக்கிய வாசகருக்குச் சுவையான செய்தியாகும். அவர் இங்கிலாந்து திரும்பி 1913இல் வெளியிட்ட நாவல், காட்டுக்குள்ளே ஒரு சிறு கிராமம் நோயாலும் கடனாலும் தேய்ந்து, கடைசியில் இல்லாமலே போவதைச் சொல்கிறது. அட்டவணையிலே ஓர் ஊரின் எதிரே உள்ள எண் மதிப்புக்கு மதிப்பு குறைந்துகொண்டே வந்து, பின்னர் அவ்வூரின் பெயரே இல்லாமற் போவதைக் கண்ணால் கண்ட ஒருவர் எழுதிய கதை அது. வன்னியிலும் அப்படிப் போன ஊர்கள் பல. தூர்ந்த குளங்களும் காடேறிய வயல்களும் அவற்றின் சாட்சிகள்.

அச்சிட்ட அட்டவணைகள் நமக்குச் சொல்லும் கதையும் சிறிதல்ல. 1946இல் முல்லைத்தீவையும் உள்ளடக்கியிருந்த அன்றைய வவுனியா மாவட்டத்தின் மக்கள் தொகை 25,000ஐ எட்டவில்லை. 1971இலோ அது 90,000ஐத் தாண்டிவிட்டது. இந்த ஏற்றத்திற்குக் காரணங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின் பின்னர் டி.டி.ரி. மருந்து வந்து மலேரியாவை அடக்கியது. குளங்கள் திருத்தப்பட்டன, குடியேற்றத் திட்டங்கள் வந்தன. யாழ்ப்பாணத்தின் காணியற்ற விவசாயிகள் கிளிநொச்சி நோக்கி வந்தார்கள். 1958, 1977 ஆண்டுகளின் கலவரங்களிலே தெற்கிலும் மலையகத்திலும் அடிபட்டவர்கள் வன்னியிலே புகலிடம் தேடினார்கள்.

ஆனால் இங்கே ஒரு சிக்கலும் உண்டு. முல்லைத்தீவு தனி மாவட்டமாக அமைந்தது 1978இல். கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1984இல். எல்லைகள் இப்படி மாறிய நிலத்திலே மாவட்ட மொத்தங்களை வைத்துக்கொண்டு பழையதையும் புதியதையும் ஒப்பிடுவது, அளவு மாறிய சாக்குகளை எண்ணி நெல்லைக் கணக்கிடுவதற்கு ஒப்பாகும். கிராமவாரியான எண்கள் கையில் இருந்தால்தான் உண்மை தெரியும். அந்தக் கிராம அட்டவணைகள் அடங்கிய பழைய தொகுதிகள் தலைநகரின் சில நூலகங்களிலே இருக்கின்றன. முல்லைத்தீவில் இருக்கும் ஓர் ஆசிரியர் தம் ஊரின் 1911ஆம் ஆண்டு எண்ணைத் தேடுவதற்கு ஒரு நாள் பயணம் செய்து கொழும்புக்குப் போகவேண்டும்.

சரி, எண்களின் கதை இது. பெயர்களின் கதை என்ன? குடிசன மதிப்பு எப்படி இயங்குகிறது என்று சற்று நோக்குவோம். வீட்டுப் படிவத்திலே ஆட்களின் விபரம் இருக்கும். அவற்றைக் கூட்டி ஊருக்கு ஒரு மொத்தம், பிரிவுக்கு ஒரு மொத்தம், மாவட்டத்துக்கு ஒரு மொத்தம் என்று எடுப்பார்கள். மொத்தம் அச்சுக்குப் போகும். படிவம் கட்டி வைக்கப்படும், அல்லது கழித்துவிடப்படும். அரசாங்கத்துக்குத் தேவையானது மொத்தம். பாடசாலை எத்தனை, வைத்தியசாலை எத்தனை, பாராளுமன்றத்துக்கு ஆசனம் எத்தனை என்று தீர்மானிக்க அது போதும். ஆனால் ஒரு குடும்பத்துக்குத் தேவையானது மொத்தம் அல்ல. தன் பாட்டன் எந்த ஊரில், எந்தக் கூரையின் கீழ், யாரோடு இருந்தான் என்பதே அதற்கு வேண்டும். அந்தச் செய்தி படிவத்தில் மட்டுமே உண்டு.

1981இல் இன்றைய கிளிநொச்சி மாவட்டப் பகுதியில் 91,764 பேரும், முல்லைத்தீவில் 77,189 பேரும், வவுனியாவில் 95,428 பேரும் எண்ணப்பட்டனர். அந்த எண்ணிக்கை முடிந்து பதினொரு வாரம் ஆகுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. அடுத்த மதிப்பு 1991இல் வரவேண்டும். போர் காரணமாக அது நடைபெறவேயில்லை. 2001 ஜூலையில் நடந்த மதிப்பு கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் யாழ்ப்பாணத்தையும் தொடவில்லை, வவுனியாவை அரைகுறையாகவே தொட்டது. 2012இல்தான் மீண்டும் முழுமையாக எண்ணினார்கள். முப்பத்தொரு ஆண்டுகள். ஒருவன் பிறந்து, வளர்ந்து, மணம் முடித்து, பிள்ளை பெற்று, மாண்டும் போயிருக்கலாம். எந்தக் குடிசன மதிப்பிலும் அவன் பெயர் ஒருபோதும் எழுதப்பட்டிராது.

அந்த இடைவெளியிலே வன்னியை எண்ணியவர்கள் கிராம சேவகர்களும் கச்சேரி எழுதுவினைஞர்களுமே. நிவாரணம் கொடுக்கக் குடும்ப அட்டை வேண்டும், அட்டைக்குப் பெயர்ப்பட்டியல் வேண்டும். இடம்பெயர்ந்து மரநிழலில் இருந்த குடும்பத்தையும் அவர்கள் பதிந்தார்கள். அந்தப் பட்டியல்களின் பெறுமதி 2009இலே தெரிந்தது. போரின் இறுதி மாதங்களிலே வன்னியில் சிக்குண்டிருந்தோர் ஓர் இலட்சத்துக்கும் குறைவானோரே என்று கொழும்பிலிருந்து சொல்லப்பட்டது. களத்திலே நின்ற மாவட்ட அதிகாரியோ 330,000 அளவில் மக்கள் இருப்பதாக அறிக்கையிட்டார். பிழையான எண் கொடுத்தால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும் என்று அவருக்கு எழுதப்பட்டதாக, ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. எண்ணைக் கொண்டே அரிசியும் மருந்தும் அனுப்பப்படும். எண் குறைந்தால் கஞ்சியும் குறையும்.

போர் முடிந்தபின் அதே கச்சேரி எண்களே ஒரு பெருங் கேள்விக்கு ஆதாரமாயின. 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னே, அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் கணக்குப்படி வன்னியில் இருந்தோர் 429,059. போர் முடிந்தபோது அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்ததாகச் சொல்லப்பட்டோர் 282,380. மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்பதே அவரது வேண்டுகோள். அத்தனை பேரும் இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்கு இடிக்கிறது, விளக்கம் வேண்டும் என்றார்.

அவ்வாண்டிலேயே தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் வட மாகாணத்திலே பிறப்பு இறப்புகளைப் பற்றித் தனியான கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. 2009இல் 11,172 மரணங்கள் என்றும், அவற்றுள் 7,934 வழமையான காரணங்களுக்குள் அடங்காதவை என்றும், அவற்றுக்குப் புறம்பாக 2,635 பேரைப் பற்றித் தகவல் இல்லை என்றும் அது கூறியது. நிபுணர் குழுவோ 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது. இவ்வெண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்பதை நேயர்களே பாருங்கள். எஞ்சியிருக்கும் வீடுகளுக்குச் சென்று கேட்கும்போது, முழுவதுமாக அழிந்த குடும்பத்துக்கு விடை சொல்ல வீட்டில் ஆளிருக்காது. அத்தகைய குடும்பத்தை இருந்தது என்று நிறுவக்கூடியது, அது உயிரோடிருந்த காலத்திலே எழுதப்பட்ட பெயர்ப்பட்டியல் ஒன்றேயாகும். மொத்தங்களை வைத்து முடிவில்லாமல் வாதிடலாம். பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சரிபார்க்கலாம்.

வன்னியின் தாய்மார் இதை எந்த ஆய்வாளரையும் விட முன்னதாக உணர்ந்துகொண்டார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலிலும், சில நாட்களில் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் அவர்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவர்களின் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று, போரின் முடிவிலே சரணடைந்தவர்களின் பட்டியலை வெளியிடுங்கள் என்பது. பணம் அல்ல, கட்டடம் அல்ல, ஒரு பட்டியல். அதே மாதத்திலேதான் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஒரு கையிலே பிள்ளையின் படத்தையும் மறு கையிலே விண்ணப்பத்தையும் வைத்துக்கொண்டு அலுவலகப் படியேறிய அன்னையரின் காலம் அது.

பதிவேட்டைத் திறக்கக் கோரும் போராட்டம் நமக்கு மட்டும் உரியதல்ல. நம் உறவுகள் பெருந்தொகையாக வாழும் கனடாவிலே அது ஒரு பெரிய இயக்கமாகவே நடந்தது. 1901 வரையிலான பெயர்ப்பதிவுகள் அங்கே திறந்திருந்தன. அதன் பின்னரான பதிவுகளை, இரகசியம் காப்பதாக மக்களுக்கு வாக்குக் கொடுத்தோம், ஆகவே ஒருபோதும் திறக்கமாட்டோம் என்று புள்ளிவிபரத் திணைக்களம் மறுத்தது. குடும்ப வரலாறு தேடுவோரும் வரலாற்றாசிரியரும் ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டி மனுக் கொடுத்தார்கள். லோர்னா மில்ன் என்னும் செனற்றர் அவர்களின் குரலாக நின்றார். 2000ஆம் ஆண்டிலே நிபுணர் குழு ஒன்று திறப்பதற்குச் சார்பாக அறிக்கை தந்தது. 2003இல் 1906ஆம் ஆண்டுப் பதிவு திறந்தது. 2005 ஜூன் 29இல் சட்டமே நிறைவேறியது. கணக்கெடுப்பு நடந்து 92 ஆண்டுகள் சென்றால் பெயர்கள் பொதுச் சொத்து என்றாகியது. அந்த ஒழுங்கின்படியே 1931ஆம் ஆண்டுப் பதிவு 2023 ஜூனில் திறக்கப்பட்டது.

பிரித்தானியாவிலே நூறு ஆண்டு மூடிவைக்கும் வழக்கம். 1911ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்டு ஒரு குடிமகன் தகவல் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து வென்றதால், உடல்நலக் குறைபாடு போன்ற விபரங்களை மட்டும் மறைத்துக்கொண்டு 2009இலேயே அதைத் திறந்துவிட்டார்கள். ஐக்கிய அமெரிக்காவிலே 72 ஆண்டுகள். அங்கே இன்னொரு நல்ல ஒழுங்கும் உண்டு. இன்னும் திறக்கப்படாத மதிப்புகளிலிருந்து, தன்னைப் பற்றிய அல்லது தன் இறந்த உறவினரைப் பற்றிய பதிவின் சான்றுபெற்ற பிரதியை உரியவர் பெற்றுக்கொள்ளலாம். வயதையும் உறவையும் நிரூபிக்க அது பயன்படுகிறது.

அயர்லாந்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1922இல் உள்நாட்டுப் போரிலே டப்ளின் நகரின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது, 1821 முதல் 1851 வரையிலான பெயர்ப்பதிவுகளிற் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அடுத்த நான்கு மதிப்புகளின் படிவங்களை அரசாங்கமே அழித்துவிட்டது. எஞ்சியவை 1901, 1911 ஆகிய இரண்டுமே. அவற்றை அந்நாடு எல்லோருக்கும் திறந்து, பின்னர் கணினி வழியாகவும் இலவசமாக வழங்கியது. இழந்தவனுக்குத்தான் எஞ்சியதன் அருமை தெரியும்.

இவ்விடத்தில் ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். 1991இலே கனடாவிலும் குடிசன மதிப்பு நடந்தது. அப்போது அங்கே இருந்த நம் அகதிகளின் பெயர்களும் அதிலே எழுதப்பட்டன. 92 ஆண்டுகள் கழிந்து, 2083இலே அவை திறக்கும். கிளிநொச்சியிலிருந்து போய் ரொறன்ரோவில் இருந்த அண்ணனின் பெயரை அவன் பூட்டப்பிள்ளைகள் அன்று வாசிப்பார்கள். அதே 1991இலே கிளிநொச்சியில் இருந்த தம்பியின் பெயர் எந்த மதிப்பிலும் இல்லை. பத்தாண்டு முன்னே, 1981இலே, இருவர் பெயரும் ஒரே படிவத்தில் எழுதப்பட்டிருக்கும். இருவருக்கும் பொதுவான அந்தப் படிவத்துக்கு மட்டும் திறக்கும் நாள் குறிக்கப்படவில்லை.

மறுபக்க நியாயத்தையும் நாம் மதிக்கவேண்டும். பட்டியல் என்றாலே அஞ்சும் காலம் நம்மிடையே இருந்தது. 1983 ஜூலையிலே கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்ததை நாம் மறக்க முடியாது. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் பதிவு என்ற சொல் பலரின் நித்திரையைக் கெடுத்தது. உயிரோடிருப்பவரின் இனமும் மதமும் முகவரியும் அடங்கிய தாள் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே இரகசியக் காப்பு வேண்டும், உறுதியாக வேண்டும். இந்தியாவிலும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிவங்களைப் பார்வைக்கு மறுக்கிறது.

ஆனால் இரகசியம் காப்பது ஒன்று, அழியவிடுவது வேறொன்று. இரகசியம் உயிரோடிருப்பவரைக் காக்கிறது. காலவரை இல்லாத இரகசியம் யாரைக் காக்கிறது? இறந்தவருக்கு இனி அச்சமில்லை. அவரைத் தேடும் பேரப்பிள்ளைக்கே தேவை உண்டு. காலவரை வைத்து மூடுவதே இரு நியாயங்களையும் ஒருங்கே காக்கும் வழி. மற்ற நாடுகள் நூறு ஆண்டு சண்டைபிடித்துக் கண்டுகொண்ட வழியை நாம் இலகுவில் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியாயின் நாம் கேட்கவேண்டியவை எவை? முதலாவது, 1871 முதல் அச்சான எல்லாத் தொகுதிகளும், குறிப்பாகக் கிராமவாரியான அட்டவணைகள், மின்பிரதியாக்கப்பட்டு ஒவ்வொரு மாவட்ட நூலகத்திலும் கிடைக்கவேண்டும். இதற்கு இரகசியத் தடை எதுவுமில்லை. மனம் இருந்தாற் போதும். இரண்டாவது, வீட்டுப் படிவங்களில் எவை எஞ்சியுள்ளன, எவை கழிக்கப்பட்டன என்ற விபரத்தைத் திணைக்களம் பகிரங்கமாக வெளியிடவேண்டும். எஞ்சியவை 1973ஆம் ஆண்டுத் தேசிய சுவடிக்கூடச் சட்டத்தின் காப்புக்குள் வரவேண்டும். மூன்றாவது, திறப்பதற்கு ஓர் ஆண்டெல்லையைச் சட்டத்திலே எழுதவேண்டும். தொண்ணூறோ நூறோ, அதை அறிஞரும் மக்களும் பேசித் தீர்மானிக்கட்டும். நான்காவது, போரிலே ஆவணம் இழந்தவர் தன் குடும்பத்தின் பதிவுக்குச் சான்றுப் பிரதி பெறும் வழியை இப்போதே ஏற்படுத்தவேண்டும். அதற்கு நூறு ஆண்டு காத்திருக்க முடியாது.

இந்த நான்காவது கோரிக்கையிலே இன பேதம் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மணலாற்று ஊர்களிலிருந்து 1984இல் துரத்தப்பட்ட தமிழருக்கு 1981இன் படிவம் சாட்சி. 1990 ஒக்டோபரிலே வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும் அதுவே சாட்சி. 1977இன் பின்னர் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய, உறுதிப் பத்திரமே இல்லாத தொழிலாளருக்கு வேறு சாட்சியே இல்லை. எல்லையோரங்களில் வாழ்ந்து போரினால் ஊர் இழந்த சிங்களக் குடும்பங்களுக்கும் அது பொருந்தும். கணக்கெடுப்பாளர் எல்லோர் வாசலிலும் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

2024 டிசம்பரைக் குறித்து நடந்த மதிப்பிலே தாளுக்குப் பதிலாகக் கைக்கணினிகளைப் பயன்படுத்தினார்கள். தாளையாவது கறையான் தின்னாமல் ஒரு பெட்டியில் போட்டு வைக்கலாம். கணினிக் கோப்போ, எவராவது கருத்தோடு காலத்துக்குக் காலம் மாற்றிப் பேணாவிட்டால், எரியாமலே மறைந்துவிடும். இன்று வன்னியிலே பெயர் கொடுத்த ஐந்து வயதுப் பிள்ளையின் பதிவு, அதன் பேரப்பிள்ளை தேடும் நாளிலே இருக்குமா என்பது, இனிவரும் சில ஆண்டுகளில் நாம் கேட்கும் கேள்விகளைப் பொறுத்தது.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. வன்னியின் எழுத்தை நம் நாவலாசிரியர்களும் கவிஞர்களும் ஓரளவு காப்பாற்றித் தந்துவிட்டார்கள். எண் அரசாங்கத்திடம் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னே இருக்கும் பெயர்கள், அவற்றைச் சொல்லிக் கொடுத்த மக்களுக்கே உரியவை. ஊர்ச் சங்கங்களும் வாசகர் வட்டங்களும் பாடசாலைகளும் இதை ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொள்ளவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எங்கள் ஊரின் படிவங்கள் எங்கே என்று ஒரு கடிதம் எழுதுவதற்கு ஒரு தாளும் ஒரு பேனையும் போதும்.